இருபத்திரண்டு பேருக்குச் சமையல்

வீட்டுல எத்தன பேருன்னா கேக்கிய, டீச்சர்? ரெண்டு பேரு. நானும் எங்க வீட்டுக்காரரும். மகளக் கட்டிக் குடுத்தாச்சு, அவ கோயமுத்தூர்ல இருக்கா, அவள அங்கன எழுதியிருப்பாவ. ரெண்டுன்னு போடுங்க. ஆனா சமையல் இருபத்திரண்டு பேருக்கு. அதுக்கு உங்க கணக்கெடுப்புத் தாள்ல எடம் இருக்காது. இல்லல்லா? தெரியும்.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்பிடி ஃபேனுக்குக் கீழ வாங்க. அடுத்த மூணு வீடும் பூட்டித்தான் கெடக்கு, எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்காவ. அவசரமாப் போயி மணியடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்.

என் பேரு அமலோற்பவம். வல்லின றகரம். எல்லாரும் தப்பாத்தான் எழுதுவாவ. வீட்டுக்காரரு, அவிய பேரு கஸ்பார் ரொட்ரிகோ. தொழிலா? இதத்தான் எப்பிடிச் சொல்லன்னு தெரியல. கப்பல்ல சமையல். சீஃப் குக்கு. இருபத்தாறு வருசம். இப்பக் கப்பல்ல இல்ல, ரெண்டு வருசமா வீட்டுலதான். சும்மா இருக்காவன்னு எழுதலாம்னா, சும்மா இருந்த நாளு இல்ல. வேலையில இருக்காவன்னு எழுதலாம்னா, யாரும் வேலைக்குக் கூப்பிடல. நீங்களே பாத்து ஒண்ணப் போட்டுக்கிடுங்க.

ஏன் வேலைய விட்டாவன்னு கேட்டா, அது கொஞ்சம் பெருசு. நேரம் இருக்குல்லா? சொல்லுதேன்.

கல்யாண மால வாடுமுன்ன கப்பல் ஏறுன மனுசன். ஒம்பது மாசம் கடல்ல, ரெண்டு மாசம் வீட்டுல. இருபத்தாறு வருசத்துல சேந்து இருந்த நாளக் கூட்டுனா ஒரு அஞ்சு வருசம் தேறும். லீவுல வந்தா அடுப்படி வாசப்படியக்கூட மிதிக்க மாட்டாவ. நான் வச்ச மீன்கொழம்பச் சாப்பிடுவாவ, தூங்குவாவ, சாயந்தரம் பீச் ரோட்டுக்குப் போவாவ. பஸ் ஓட்டுறவரு லீவு நாள்ல பஸ் ஓட்டுவாரா, அப்பிடின்னு நானும் விட்டுட்டேன். தெருவுல உள்ள பொம்பளைவ கேப்பாளுவ: “என்னக்கா, சீஃப் குக்கு பொண்டாட்டி, அவிய கையால என்னல்லாம் சாப்பிட்டிய?” ஒண்ணும் இல்லம்பேன். பிலிப்பைன்ஸ்காரன் சாப்பிட்டிருக்கான், உக்ரைன்காரன் சாப்பிட்டிருக்கான், பர்மாக்காரன் சாப்பிட்டிருக்கான். எனக்கு ஒரு முட்ட பொரிச்சுத் தந்தது கிடையாது. அதுக்காக எனக்கு வருத்தம்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா சொல்லுதேன்.

கடைசியாப் போன கப்பல்லதான் பிரச்சின. பிரச்சினன்னு எனக்கு அப்பத் தெரியாது. “அமலி, துறைமுகத்துல எடம் கிடைக்கல, வெளிய நங்கூரம் போட்டு நிக்கோம்”ன்னு போன்ல சொன்னாவ. எந்த ஊருன்னு கேட்டேன். ஏதோ அரபு தேசத்து ஊரு பேரு, வாயில நுழையல. நம்ம பஸ் ஸ்டாண்டுலயே பஸ்ஸுக்கு எடம் கிடைக்க மாட்டேங்கு, கப்பலுக்கு எங்க கிடைக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, ஏழு மாசம் ஆச்சு. ஏழு மாசமும் எடம் கிடைக்கலன்னே நம்பிக்கிட்டிருந்தேன். நீங்க சிரிக்கிய. பரவாயில்ல.

கர பக்கத்துல நின்னதால போன் கெடச்சுது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சாயந்தரம் ஆறு மணிக்குக் கூப்பிடுவாவ. கூப்பிட்டு என்ன கேப்பாவன்னு நெனைக்கிய? உடம்பு எப்பிடி இருக்குன்னு கேக்க மாட்டாவ. மக எப்பிடி இருக்கான்னு கேக்க மாட்டாவ. “இன்னைக்கு என்ன வச்ச?” அதான் மொதக் கேள்வி. சாளக் கொழம்புன்னு சொன்னா, “எப்பிடி வச்ச?” புளி எம்புட்டு, தேங்கா அரச்சியா, பால் எடுத்தியா, மாங்கா போட்டியா, தாளிக்கும்போது வெந்தயம் போட்டியா. ஏ சாமி! இருபத்தாறு வருசம் சமையல் செஞ்ச மனுசனுக்கு நான் சாளக் கொழம்பு சொல்லிக் குடுக்கணுமா? எனக்கு எரிச்சலா வரும். “கொழம்பு கொதிக்கும்போது என்ன சத்தம் வந்துது”ன்னு ஒருநாள் கேட்டாவ. எனக்கு வாயில வந்துட்டுது. கொழம்பு சத்தந்தான்னு சொன்னேன்.

பொறவு நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். “என்ன வச்ச?”ன்னு கேட்டதும், “ஒடம்பு முடியல, வெறும் ரசந்தான்”னு சொல்லிருவேன். ரசத்துக்கு என்ன பெருசா வெளக்கம் வேணும்? ரெண்டு நிமிசத்துல பேச்சு முடிஞ்சிரும். எனக்கு ஏழு மணிக்கு ஜெபமாலைக்குப் போகணும் பாத்துக்கிடுங்க. ஒரு வெள்ளிக்கிழமயா, ரெண்டு வெள்ளிக்கிழமயான்னு நெனவில்ல, அப்பிடிச் சொன்னேன். அன்னைக்கு வீட்டுல எறா வறுத்திருந்தேன். அது வேற விசயம்.

ஏழு மாசம் கழிச்சு ஏதோ மாலுமிகள் சங்கத்துக்காரவ டிக்கெட் எடுத்து அனுப்பி வச்சாவ. ஸ்டேசன்ல நான் அவியளத் தாண்டிப் போயிட்டேன் டீச்சர். அடையாளம் தெரியல. சட்ட மட்டும் வருது, உள்ள ஆளு இல்ல. “அமலி”ன்னு கூப்பிட்ட பொறவுதான் திரும்பிப் பாத்தேன். சமைக்குற ஆளு எங்கயாவது மெலிவாரா? சக்கர வந்துட்டுன்னு மறுநாளே ரத்தம் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போனேன். சக்கர இல்லன்னு சொன்னாவ. சக்கர இல்லன்னதும் எனக்கு நிம்மதி. வேற எதையும் நான் கேக்கல. “இனிமே போகல, போதும்”னாவ. போதும்னா போதும். அவிய அதிகம் பேசுற ஆளு கிடையாது.

ஒரு வாரம் படுத்தே கெடந்தாவ. எட்டாம் நாளு, நான் காலைப் பூசைக்குப் போயிட்டு வாரேன், தெருமுனையிலயே வெங்காய வாசன. எவ வீட்டுல இந்நேரம் கல்யாணச் சமையல்னு பாத்துக்கிட்டே வந்தா, என் வீடு. என் அடுப்படி. அவிய வெள்ளத் துணிய இடுப்புல கட்டிக்கிட்டு, தோள்ல ஒரு துண்டு. கப்பல்ல இருந்து கொண்டு வந்த கத்தி எல்லாம் வரிசையா நிக்கி. என் அஞ்சறைப் பெட்டிய மேல் தட்டுக்கு ஏத்தியாச்சு. எல்லா டப்பாவுலயும் பிளாஸ்திரி ஒட்டிப் பேரு எழுதியாச்சு. நான் எழுதப் படிக்கத் தெரியாதவளா? எது உப்பு எது சீனின்னு எனக்குத் தெரியாதா? நான் உள்ள போறேன், “பின்னால!”ன்னு ஒரு சத்தம். பயந்து போயிட்டேன். சூடான சட்டியத் தூக்கிக்கிட்டு அவிய என் பின்னால வாராவ. கப்பல் அடுப்படியில அப்பிடித்தான் சொல்லுவாவளாம். ஆடுற எடத்துல இடிச்சிரக் கூடாதுல்லா. என் வீடு ஆடுதா? இருபத்தெட்டு வருசமா அது நின்ன எடத்துலயேதான் நிக்கி.

அன்னைக்கு வச்சது ஹங்கேரி. கூலாஷ்னு பேரு. மாட்டுக்கறிக் கொழம்புதான், மசாலா போட மறந்துட்டாவன்னு நெனச்சேன். மறக்கலயாம். அதுதான் அதாம். செவப்பா மொளகாத்தூள் கெடக்கு, ஒறைக்க மாட்டேங்கு. ஒறைக்காத மொளகாத்தூள எதுக்குப் போடணும்? பெரிய அண்டா நெறய. பண்டிகைக்கு எடுக்குற அண்டா. “எதுக்கு இம்புட்டு?”ன்னேன். “இருபத்திரண்டு பேருக்குத்தான் எனக்குக் கை வரும்”னாவ. ரெண்டு பேருக்கு அளவு தெரியாதாம்.

மறுநாளு ரஷ்யா. பீட்ரூட் ரசம்னு வச்சுக்கிடுங்க. எதுத்த வீட்டு செல்வராணிக்கு ஒரு தூக்குல குடுத்துவிட்டேன், அந்தக் கலரப் பாத்துட்டு அவ சாமி கும்பிட்டா. அதுக்கு அடுத்த நாளு ஸ்பெயின், எறாலும் கணவாயும் மட்டியும் போட்டு மஞ்சச் சோறு. அது பரவாயில்ல. சோறு மட்டும் அடியில புடிச்சிருந்துது. அடி புடிக்கிறதுதான் அதுக்கு அழகாம். நான் வச்சு அடி புடிச்சா மட்டும் எங்க மாமியா சும்மா விட்டாளா? பொறவு இத்தாலி. நின்னுக்கிட்டே நாப்பது நிமிசம் அரிசியக் கிண்டுனாவ. கடைசியில பாத்தா, நம்ம மாதாக்கோயில்ல தவக்காலத்துக்கு ஊத்துற கஞ்சி. இதுக்கு எதுக்கு இத்தாலி வரைக்கும் போகணும்?

மிச்சத்த எல்லாம் நான் தூக்குல ஊத்தி ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொண்டு போவேன். வீணாக்க மனசு வராதுல்லா. அங்க உள்ள பயலுவ நான் தெருமுனையில திரும்பும்போதே, “யக்கா, இன்னைக்கு எந்த நாடு?”ம்பானுவ. ஒருத்தன் ரஷ்யா வேண்டாம், ஹங்கேரி இருந்தாத் தாங்கன்னு கேக்குற அளவுக்கு வந்துட்டான்.

இது எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணுதான் பொறுக்க முடியல. அவிய என்கூட உக்காந்து சாப்பிட மாட்டாவ. நான் சாப்பிடுவேன், அவிய கதவுப் பக்கம் நிப்பாவ, தோள்ல துண்டோட. நான் எந்திரிச்சதும் என் தட்ட எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாப்பாவ. எத மிச்சம் வச்சிருக்கேன், எம்புட்டு மிச்சம் வச்சிருக்கேன்னு. எச்சித் தட்ட இப்பிடி உத்துப் பாக்குற மனுசன நீங்க எங்கயாவது கண்டிருக்கியளா? “எப்பிடி இருக்கு?”ன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாவ. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

என் அடுப்படியில நான் விருந்தாளி. மூணு மாசம். எனக்குக் கோவமான்னு கேட்டா, கோவம் இல்ல. ஆனா அந்த எலும்புத் தண்ணி விசயம் நடந்தப்ப நான் வேணும்னு செய்யல. இத நீங்க நம்பணும்.

ஒரு வியாழக்கிழம. காலையில மூணு கிலோ மாட்டெலும்ப வாங்கிட்டு வந்து, அத வறுத்து, வெங்காயத்தத் தோலோட கருக்கி, பெரிய சட்டியில தண்ணி ஊத்தி அடுப்புல வச்சாவ. கொதிக்கவும் இல்ல, கொதிக்காம இருக்கவும் இல்ல. ஒரு குமிழி வருது, போகுது. நாள் முழுக்க. பக்கத்துலயே உக்காந்து மேல வர்ற நுரைய எடுத்துக்கிட்டே இருந்தாவ. சாயந்தரம் அடுப்ப அணச்சுட்டு, வடிகட்டுறதுக்கு மெல்லிசுத் துணி வேணும்னு கடைக்குப் போனாவ. நான் ஜெபமாலை முடிச்சு வாரேன். பாத்தா, சட்டி நெறய எலும்பு, கருகுன வெங்காயம், பழுப்புத் தண்ணி. சட்டி கழுவ ஊற வச்ச தண்ணி மாதிரி இருந்துது. சாப்பிடுறத எல்லாம் சாப்பிட்டு முடிச்ச பொறவு கெடக்குமே, அப்பிடி. எலும்ப நாய்க்குப் போட்டேன். தண்ணிய சாக்கடையில ஊத்துனேன். சட்டிய சாம்பல் போட்டுப் பளபளன்னு வெளக்கி கவுத்தி வச்சேன். ஒரு உதவியாத்தான் டீச்சர் செஞ்சேன்.

துணியோட வந்தாவ. சட்டியப் பாத்தாவ. “இதுல இருந்தது எங்க?”ன்னாவ. ஊத்திட்டேன்னேன். “சாக்கடையிலயா?” ஆமான்னேன். அவ்வளவுதான். ஒரு வார்த்த திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன், மூணு மாசமா சேத்து வச்சிருந்தேன். கையக் கழுவுனாவ. இடுப்புத் துணிய அவுத்து மடிச்சாவ. கத்தி எல்லாத்தையும் துணியில சுருட்டி, பீரோவுக்கு மேல தூக்கிப் போட்டாவ. மறுநாள்ல இருந்து அடுப்படிப் பக்கமே வரல.

எனக்கு அடுப்படி திரும்பக் கெடச்சிட்டுது. பிளாஸ்திரிய எல்லாம் பிச்சு எறிஞ்சேன். மாங்கா போட்டு நெத்திலிக் கொழம்பு வச்சேன், மூணு மாசத்துக்கு அப்புறம் வாய்க்கு வெளங்குற சோறு. அவியளும் சாப்பிட்டாவ. “நல்லாருக்கு”ன்னாவ. மறுநாளு விளமீன். “நல்லாருக்கு.” அதுக்கு மறுநாளு வேணும்னே உப்பில்லாம வச்சேன். “நல்லாருக்கு.” ஆனா ரெண்டாம் தடவ சோறு வாங்க மாட்டாவ. சாப்பிட்டுட்டு பீச் ரோட்டுக்குப் போயி அந்தக் கல்லுல உக்காந்து கப்பலப் பாத்துக்கிட்டு இருப்பாவளாம். ஆட்டோக்காரன் வந்து சொன்னான். “யக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? எந்த நாடும் வர மாட்டேங்கே”ன்னு.

ஒருநாள் கட்டிலுக்குக் கீழ பெருக்குறேன். எறும்பு வரிசையாப் போகுது. எங்க போகுதுன்னு பாத்தா, அவிய கப்பல் பெட்டிக்குள்ள. தொறந்தேன். ரஸ்க்கு பாக்கெட்டு. பிஸ்கெட்டு. ஒரு துணிப் பையில வெங்காயம், முள வந்து கெடக்கு. பட்டாணி ரெண்டு கிலோ இருக்கும். மாவு. நம்ம வீட்டுல திங்கதுக்குப் பஞ்சமா? யாரு எடுத்துக்கிடப் போறா? சாயந்தரம் வந்ததும் புடிச்சு ஏசுனேன். “எறும்பு வரும்லா? எலி வரும்லா? என்ன இது, பிச்சக்காரன் மூட்ட மாதிரி?” அவிய தரையப் பாத்துக்கிட்டே, “இருக்கட்டும் அமலி”ன்னாவ. அம்புட்டுத்தான் சொன்னாவ. நான் வெங்காயத்த எடுத்து வெளிய போட்டுட்டேன், நாறிட்டுதுல்லா. மத்தத இருக்கட்டும்னு விட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசு இருக்கு.

அதுக்கு அடுத்த வாரம் கொரைரா தம்பி வந்துது. புன்னக்காயல் ஆளு. கடைசிக் கப்பல்ல அவியளோட போசனா இருந்தவரு. போசன்னா டெக்குல வேல பாக்குறவியளுக்குத் தலைவரு. மகளுக்குக் கல்யாணம், பத்திரிக வைக்க வந்திருந்தாரு. அவிய பீச் ரோட்டுல. சரி, வரட்டும்னு உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்தேன். பிஸ்கெட்டு வச்சேன். டீ குடிச்சாரு, தட்டுல விழுந்த பிஸ்கெட்டுத் தூள ஒத்த வெரலால ஒத்தி ஒத்தி எடுத்துத் தின்னாரு. நல்ல வசதியான மனுசன் டீச்சர். நான் இன்னொரு பாக்கெட்ட உடைச்சேன்.

“அண்ணன் இப்பவும் தெனம் ஒரு நாடு சமைக்காவளா மயினி?”ன்னு கேட்டாரு.

“சமைச்சாவ. இப்ப இல்ல. நிறுத்திட்டாவ. தம்பி, அது என்ன பழக்கம்? கப்பல்லயும் அப்பிடித்தானா?”

“மயினி, அண்ணன் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலயா?”ன்னாரு.

எடம் கிடைக்காம நின்னதச் சொன்னாவளேன்னேன்.

அவரு டீ டம்ளரக் கீழ வச்சிட்டாரு. பொறவு சொன்னாரு. எடம் கிடைக்காம ஒண்ணும் நிக்கலயாம். கப்பல் மொதலாளி கைய விட்டுட்டானாம். போன எடுக்க மாட்டானாம். துறைமுகத்துக்காரவ எறங்கவும் விட மாட்டாவளாம், போகவும் எண்ண கிடையாதாம். இருபத்திரண்டு பேரு கரையப் பாத்துக்கிட்டே கடல்ல. மொத மாசம் கறி தீந்துது, ரெண்டாம் மாசம் அரிசி தீந்துது. பொறவு மாவும், வெங்காயமும், பட்டாணியும், கொஞ்சம் தக்காளி டின்னுந்தான். எப்பவாவது ஒரு படகு வந்து தண்ணியும் ஒரு மூட்ட வெங்காயமும் போடுமாம். தூண்டி போட்டா சில நாளு மீன் கிடைக்கும், பல நாளு கிடைக்காதாம்.

“அண்ணன் காலையில மெஸ் கதவுல ஒரு தாள் ஒட்டுவாவ மயினி. திங்கக்கிழம பிரான்சு. வெங்காய சூப்பு. செவ்வா ஹங்கேரி. அதே வெங்காயம், ரெண்டு ஸ்பூன் தக்காளி. புதன் இத்தாலி, மாவ உருட்டிப் போட்டது. வியாழன் ஸ்பெயின். எல்லாம் ஒரே வெங்காயந்தான், எங்களுக்குத் தெரியும். ஆனா தட்டு, கரண்டி எல்லாம் ஒழுங்கா வச்சு, துண்டு மடிச்சு, பேரு சொல்லித்தான் வைப்பாவ. ஒரு நாளு வெங்காயத் தோலக் கொதிக்க வச்ச தண்ணிக்கு ஒரு பேரு சொன்னாவ பாருங்க, கேப்டனே எந்திரிச்சு நின்னு வாங்கிக் குடிச்சான். எல்லாரும் சாப்பிட்ட பொறவு ஒவ்வொரு தட்டா எடுத்துப் பாப்பாவ. எவன் சாப்பிடாம வச்சிருக்கான்னு. சாப்பிடாதவன்தான் அடுத்து கடல்ல குதிப்பான்னு அண்ணனுக்கு ஒரு கணக்கு. ஒரு பர்மாப் பையன் அப்பிடித்தான் ரெண்டு நாளா தட்டத் தொடல. அண்ணன் அவன் ரூம் வாசல்லயே தட்டோட நின்னாவ. அவன் தின்ன பொறவுதான் நகந்தாவ. யாரும் குதிக்கல மயினி. இருபத்திரண்டு பேரும் வந்து சேந்துட்டோம்.”

நான் அவரு டம்ளர்ல இன்னும் கொஞ்சம் டீ ஊத்துனேன்.

“வெள்ளிக்கிழம மட்டும் எந்த நாடும் கிடையாது”ன்னாரு. “வெள்ளிக்கிழம உங்க சமையல்தான்.”

எனக்கு வெளங்கல.

“ஆறு மணிக்கு எல்லாரும் மெஸ்ல வந்து உக்காந்திருவோம். அண்ணன் ஸ்பீக்கர்ல போடுவாவ. நீங்க புளி கரைக்கிறதச் சொல்லுவிய, தேங்கா அரைக்கிறதச் சொல்லுவிய. நானும் இன்னொரு தமிழாளும் மத்தவனுவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவோம். அந்த உக்ரைன்காரன் கண்ண மூடிக்கிட்டுக் கேப்பான். சாளக் கொழம்புன்னு தமிழ்லயே சொல்லுவான். உங்க கொழம்ப இருபத்திரண்டு பேரு சாப்பிட்டிருக்கோம் மயினி.”

டீச்சர், எனக்கு மொதல்ல வந்தது கோவந்தான். ஒரு பொம்பள வீட்டுக்காரர்கிட்ட பேசுதா, அத ஊரக் கூட்டி வச்சா கேக்குறது? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? சொல்லியிருந்தா நான் கொஞ்சம் நல்லாப் பேசியிருப்பேன். பொறவுதான் அந்த வெள்ளிக்கிழம நெனவுக்கு வந்துது.

“தம்பி, ஒருநாளு வெறும் ரசம்னு சொல்லிட்டேனே”ன்னேன்.

“ஆமா மயினி. அன்னைக்கு ரசம் குடிச்சோம். அண்ணன்தான் சொன்னாவ. நீங்க போன வச்சிட்ட பொறவு, பூண்டு தட்டுறதுல இருந்து ஆரம்பிச்சு அவியளே சொன்னாவ. அதுவும் நல்லாத்தான் இருந்துது.”

அவரு போகும்போது வாசல்ல நின்னு இன்னொண்ணும் சொன்னாரு. அத அவரு சொல்லாமலே இருந்திருக்கலாம். “நாங்க சாப்பிட்டது எல்லாம் பேருதான மயினி. வீட்டுக்குப் போனதும், அத்தனையும் கறியும் எலும்பும் போட்டு, உள்ளது உள்ளபடி ஒரு தடவ அமலிக்குச் சமைச்சுக் குடுக்கணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாவ. அந்த பிரான்சு வெங்காய சூப்ப குடிச்சியளா? அதுக்கு எலும்புத் தண்ணிதான் உசுரு, ஒரு நாள் முழுக்கக் காயணும்பாவ.”

குடிச்சேன், நல்லாருந்துதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவிய வந்தாவ. கல்யாணப் பத்திரிகையக் குடுத்தேன். கொரைரா தம்பி வந்துட்டுப் போச்சுன்னேன். “என்ன சொன்னான்?” “மகளுக்குக் கல்யாணம்னாரு.” வேற ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. இருபத்தெட்டு வருசமா நாங்க அப்பிடித்தான்.

மறுநாளு காலைப் பூசைக்குப் போகல. வாழ்க்கையில மூணாவது தடவ. நேரா கறிக்கடைக்குப் போயி, மூணு கிலோ எலும்பு குடுங்கன்னேன். அவன் சின்னதா வெட்டட்டுமா பெருசா வெட்டட்டுமான்னு கேக்கான். எனக்கு என்ன தெரியும்? பாதி சின்னது, பாதி பெருசுன்னேன். கொண்டு வந்து அடுப்படி மேடையில போட்டேன். பீரோ மேல இருந்து கத்திச் சுருட்ட எறக்கி அதுக்குப் பக்கத்துல வச்சேன். அவிய கட்டில்ல உக்காந்திருந்தாவ. “எலும்பு வாங்கியாந்திருக்கேன். எனக்குச் செய்யத் தெரியாது. நாறிப் போகுமுன்ன வாங்க”ன்னேன்.

ரொம்ப நேரம் வரல. நான் வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சேன். பொறவு வந்து என் பின்னால நின்னாவ. “மொதல்ல எலும்ப வறுக்கணும்”னாவ.

அன்னைக்கு முழுக்க அந்தச் சட்டிக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் ரெண்டு ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தோம். ஒரு குமிழி வருது, போகுது. நுரைய எடுக்க எனக்குச் சொல்லித் தந்தாவ. நுரைய எடுத்துக்கிட்டே அவியளாப் பேச ஆரம்பிச்சாவ. நான் எதையும் கேக்கல. பர்மாப் பையனப் பத்திச் சொன்னாவ. கேப்டன் அழுததச் சொன்னாவ. ஒருநாளு வெங்காய மூட்டைய தனக்குன்னு ஒளிச்சு வைக்கத் தோணிச்சாம், ஒளிச்சு வச்சாவளாம், சாயந்தரம் எடுத்து வெளிய வச்சுட்டாவளாம். அத யாருகிட்டயும் சொன்னதில்லையாம். நான் நடுவுல மஞ்சப்பொடி கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டேன், மாட்டெலும்புல்லா, கவுச்சி போகும். வேண்டாம்னாவ. அவ்வளவு கண்டிப்பா அவிய எங்கிட்ட எதையும் வேண்டாம்னு சொன்னதில்ல.

சாயந்தரம் வடிகட்டி, வெங்காயத்த வெண்ணெயில ஒண்ணரை மணி நேரம் வதக்கி, தண்ணிய ஊத்தி, மேல ரொட்டியும் சீஸும் வச்சு, பிரான்சு வந்துட்டுது. ரெண்டு கிண்ணம். அவிய கதவுப் பக்கம் போயி நின்னாவ. “இங்கன உக்காருங்க”ன்னேன். “நீ சாப்பிடு”ன்னாவ. “நீங்க உக்காந்தாத்தான் நான் கரண்டிய எடுப்பேன்”னேன். சூடு ஆறிரும்னு பயந்துபோயி உக்காந்தாவ.

நான் குடிச்சேன். ஒரு நாள் முழுக்கக் காய்ச்சுனது. அவிய என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. “எப்பிடி இருக்கு?”ன்னு கேட்டாவ டீச்சர். இருபத்தெட்டு வருசத்துல மொதத் தடவ கேக்காவ.

எனக்குப் பொய் வராது. கொரைரா தம்பிகிட்டச் சொன்னது வேற. “நல்லால்ல”ன்னேன். “இனிச்சுக் கெடக்கு. ரொட்டி ஊறிப் போயி களி மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு கரண்டி ரசம் மேல்.”

அவிய கரண்டியக் கீழ வச்சாவ. பொறவு சிரிச்சாவ பாருங்க. கப்பல்ல இருந்து வந்த பொறவு அவிய சிரிச்சு நான் பாக்கல. மேசையப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, மூச்சு முட்டுற அளவுக்குச் சிரிச்சாவ. செல்வராணி சன்னல் வழியா எட்டிப் பாத்தா. “அமலி, இருபத்தோரு பேரு, ஏழு மாசம், இத வாயில வச்சு வச்சு ‘நல்லாருக்கு, நல்லாருக்கு’ன்னு சொன்னானுவ. நல்லால்லன்னு சொன்ன மொத ஆளு நீதான்”னாவ. சிரிச்சுக்கிட்டே என் கிண்ணத்துல இருந்ததையும் எடுத்துக் குடிச்சாவ.

அதுல இருந்து திரும்ப ஆரம்பிச்சிட்டாவ. இன்னைக்குக் காலையில எந்த நாடுன்னு நான் பாக்கல, ஏதோ கத்திரிக்காய அடுக்கி அடுக்கி வைக்காவ. வெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருக்காவ, இந்தா வந்துருவாவ. நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும், இம்புட்டு வெயில்ல எங்க போவிய? ஒண்ணே ஒண்ணு, டீச்சர். அவிய எப்பிடி இருக்குன்னு கேப்பாவ. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராதிய.